கொடி அக்காவும் அங்கிட்டு ஆளும்

அந்த அக்காவைத் திட்டாமல் நான் ஒரு நாளும் மலாக்காவிலிருந்து தம்பினுக்கு டாக்சி ஓட்டியதில்லை. போகும்போது ஒரு தரம், வரும்போது ஒரு தரம், மழை நாளாக இருந்தால் கணக்கே கிடையாது. எல்லாம் வாய்க்குள்தான். சத்தமாகத் திட்டிவிட்டு மறுநாள் காலையில் அதே முகத்தில் போய் முழிக்க எனக்குத் தைரியம் இல்லை.

இன்றைக்கு நெடுஞ்சாலையில் பின்னால் வருகிறவன் விளக்கை மினுக்கி மினுக்கி வழி கேட்கிறான். என் மகனே அப்படித்தான் ஓட்டுகிறான். முன்னால் ஒரு வண்டி கொஞ்சம் தாமதித்தால் ஸ்டியரிங்கில் குத்துகிறான். அவன் பக்கத்தில் உட்கார்ந்து போகும்போதெல்லாம் எனக்கு அந்த அக்கா ஞாபகம்தான். இவன் அவர் கையில் மாட்டியிருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்வேன்.

பெயர் தெரியாமல் இல்லை. தெரியும். ஆனால் அந்தக் காலத்தில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை, நானும் இங்கே எழுதப்போவதில்லை. டாக்சிக்காரன், லோரிக்காரன், பஸ்காரன் எல்லாருக்கும் அவர் கொடி அக்கா.

முதலில் அந்தச் சடக்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ரோட்டை நாங்கள் சடக்கு என்றுதான் சொல்வோம். மலாக்காவுக்கு ஒரு காலத்தில் ரயில் இருந்தது. ஜப்பான்காரன் தண்டவாளத்தைப் பிடுங்கிக்கொண்டு போனான், அதோடு சரி. அதற்குப் பிறகு கோலாலம்பூர் போகிறவனும் பினாங்கு போகிறவனும் தம்பின் வரை சடக்கில் போய்த்தான் ரயில் ஏற வேண்டும். எனக்கு வீடு மலாக்காப் பட்டணத்தை ஒட்டிய காஜா பெராங்கில். பட்டணத்தில் வண்டியை நிறுத்தி, நாலு பேர் சேர்ந்ததும் கிளம்புவேன். செங் தாண்டி, அலோர் காஜா தாண்டி, தம்பின். வழி ஒன்றும் பெரிய தூரம் இல்லை. ஆனால் சடக்கு இருந்த லட்சணத்தில் அது ஒரு யாத்திரை.

எதிரெதிரே இரண்டு லோரிகள் வந்தால் ஒன்று புல்லில் இறங்கியாக வேண்டும். வெயில் நாளில் வெள்ளைச் சட்டையோடு ஏறுகிறவன் செம்மண் சட்டையோடு இறங்குவான். மழை நாளில் பயணிகள் பாதி வழி உட்கார்ந்து வருவார்கள், பாதி வழி தள்ளிக்கொண்டு வருவார்கள். காசையும் கொடுத்துவிட்டு வண்டியையும் தள்ளுகிறோமே என்று ஒரு வாத்தியார் என்னிடம் சண்டை பிடித்தார். அவர் சொன்னதும் நியாயம்தான், ஆனால் நான் என்ன செய்ய, சடக்கு என் வீட்டுச் சொத்தா?

சுதந்திரம் வந்த சமயத்தில் அரசாங்கம் அந்தச் சடக்கை அகலப்படுத்தவும் வளைவுகளை நேராக்கவும் ஆரம்பித்தது. ஒரு துண்டு முடித்து அடுத்த துண்டு என்று வேலை நகர்ந்துகொண்டே போகும். ஒரு பாதியைத் தோண்டிக் கல் கொட்டித் தார் ஊற்றுவார்கள், மறு பாதியில் வண்டி போகும். ஒரு பாதி என்றால் ஒரு வண்டிக்குத்தான் இடம். அதனால் வேலை நடக்கும் துண்டின் இரண்டு முனையிலும் கொடி பிடித்து ஓர் ஆள். இடையில் மேடும் வளைவும் கித்தா என்கிற ரப்பர் மரங்களும் இருந்ததால் இந்த முனைக்கு அந்த முனை தெரியாது. எதிரில் எல்லா வண்டியும் வந்து முடிந்துவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அதற்குத்தான் கட்டை.

ஒரு முழம் நீளக் கட்டை, சிவப்பும் வெள்ளையும் அடித்தது. வரிசையில் கடைசியாகப் போகும் வண்டிக்காரன் கையில் அதைக் கொடுப்பார்கள். அவன் அந்த முனையில் நிற்கிற ஆளிடம் கொடுக்க வேண்டும். கட்டை கைக்கு வந்தால்தான் அந்த ஆள் தன் பக்கத்து வண்டிகளை விடுவார், அதில் கடைசி வண்டியிடம் கட்டை திரும்பி வரும். கட்டை வராமல் கொடி மாறாது. அவ்வளவுதான் சட்டம்.

மலாக்கா பக்கத்து முனை எப்போதும் அக்காவுடையது. சேலைக்கு மேலே ஆம்பிளை முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, துண்டுக்கு மேலே ஓலைத் தொப்பி. முதலில் கல் சுமக்கும் கூட்டத்தில் இருந்தவர். கொதிக்கிற தார் காலில் கொட்டிய பிறகு சுமை தூக்க முடியாமல் போய், மண்டோர் அவர் கையில் கொடியைக் கொடுத்தார். மண்டோர் என்றால் வேலைக் கூட்டத்துக் கங்காணி. நிற்கிற வேலைதானே, சும்மா நிற்கட்டும் என்று நினைத்திருப்பார் அந்த ஆள்.

சும்மாவா நின்றார்? வரிசையில் ஒரு சைக்கிள்காரனைக்கூட முந்த விட மாட்டார்.

ஒரு முறை என் வண்டியில் மாப்பிள்ளை. அலோர் காஜா பக்கத்துத் தோட்டத்தில் கல்யாணம், நல்ல நேரம் முடியப் போகிறது. சிவப்புக் கொடி இறங்கவே இல்லை. மாப்பிள்ளையின் தாய்மாமன் இறங்கிப் போய்க் கத்தினார்.

"ஏம்மா, கல்யாண வண்டிமா. முகூர்த்தம் போயிரும். ஒரே ஒரு காடி, விட்டா என்ன?"

அக்கா அவரைப் பார்க்கவே இல்லை. சடக்கைப் பார்த்தபடியே சொன்னார்.

"எதிர்ல வர்றவங்களுக்கு என்ன அவசரமோ, யாருக்குத் தெரியும்?"

இதுதான் அவருடைய பாட்டு. யார் கேட்டாலும், எதற்குக் கேட்டாலும் இதே பாட்டு. மாமன்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். பத்தாததற்கு மாப்பிள்ளை வேறு எனக்குப் பின்னால் உட்கார்ந்து மூச்சு விட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் எதிர்ப்பக்கத்து வண்டிகள் வந்தன. என்ன வண்டிகள்? முட்டைக்கோஸ் ஏற்றிய ஒரு லோரி. அதன் பின்னால் கட்டையை வைத்துக்கொண்டு இன்னொரு முட்டைக்கோஸ் லோரி.

"இதுக்காம்மா எங்களை நிறுத்துனே?" என்றார் மாமன்காரர்.

"கோஸும் வாடும்ல" என்றார் அக்கா.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. ஐயர் நேரத்தை இழுத்துப் பிடித்துவிட்டார். ஆனால் தாய்மாமன் அதற்குப் பிறகு என் டாக்சியில் ஏறவே இல்லை, கோபம் எல்லாம் என் மேல்.

தம்பின் பக்கத்து முனையில் கொடி பிடிக்கும் மனிதர் அக்காவின் வீட்டுக்காரர்தான் என்பது எனக்குப் பல நாள் தெரியாது. ஒரு நாள் மத்தியானம் நான் கடைசி வண்டி. கட்டையைக் கொடுத்த கையோடு அக்கா ஒரு தூக்குச்சட்டியையும் நீட்டினார்.

"இதை அங்கிட்டு ஆளுக்குக் குடுத்துரு தம்பி."

"யாருக்கா அது?"

"அங்கிட்டு நிக்கிற ஆளு."

கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒல்லியான மனிதர், வெற்றிலை போட்ட வாய், இடுப்பைப் பிடித்துக்கொண்டே நிற்பார். சட்டியை வாங்கிக்கொண்டு, "நேத்து குழம்புல உப்பு கம்மின்னு சொல்லு" என்றார். மாலையில் திரும்பும்போது அக்காவிடம் சொன்னேன். "உப்பு கம்மியா இருந்தா ரத்தத்துக்கு நல்லதுன்னு சொல்லு" என்றார். மறுநாள் அதையும் கொண்டுபோனேன். மூன்றாம் நாள்தான் எனக்கு உறைத்தது, இது புருஷன் பெண்டாட்டி சண்டை, நான் நடுவில் தபால்காரன்.

நான் மட்டும் இல்லை. அந்தச் சடக்கில் ஓட்டிய அத்தனை பேரும் தபால்காரர்கள்தான். செட்டி கம்பம் என்கிற குடியிருப்பில் எனக்கு ஒரு சிநேகிதன், அவனும் டாக்சிக்காரன். நெற்றி நிறையத் திருநீறு, வாய் நிறைய மலாய். அவர்கள் தலைமுறை தலைமுறையாய் மலாக்காவில் இருக்கும் செட்டி மக்கள், சாமி நம் சாமி, பேச்சு நம் பேச்சு இல்லை. அவனிடம் ஒரு நாள் அங்கிட்டு ஆள், "இடுப்பு வலி தாங்கல, தைலம் குடுத்து அனுப்பச் சொல்லு" என்று தமிழில் சொல்லிவிட்டிருக்கிறார். பாதி புரிந்தும் புரியாமலும் அந்த மனுஷன் வழி நெடுக அதையே மனப்பாடம் செய்துகொண்டு வந்திருக்கிறான். பின்சீட்டுச் சீனக் கிழவியும் சேர்ந்து சொல்லிக்கொண்டு வந்தாளாம். அக்காவிடம் வந்து இரண்டு பேரும் ஒன்றாக ஒப்பித்தார்கள். அன்றைக்குத்தான் அக்கா சிரித்து நான் பார்த்தேன். தைலம் மறுநாளே கட்டையோடு போனது.

அக்கா குடியிருந்தது காஜா பெராங்கில், சடக்கு வேலைக்காரர்களின் லயத்தில், வரிசை வீடுகளில். என் வீட்டிலிருந்து இரண்டு சந்து தள்ளி. வீட்டுக்காரர் மட்டும் வேலை நடக்கும் இடத்திலேயே, அந்த முனையில் போட்டிருந்த கொங்சியில் தங்கிக்கொண்டார். கொங்சி என்றால் தகரக் கொட்டகை, ரோலருக்கும் தார் பீப்பாய்க்கும் காவல். காலையில் மண்டோரின் லோரி அக்காவை இந்த முனையில் இறக்கிவிட்டு அப்படியே வேலைக்குள் போய்விடும். மாலையில் வந்து ஏற்றிக்கொண்டு போகும். ஆக, அவர்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் கண்ணால் பார்த்தே ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. சடக்கு நகர நகர இரண்டு பேரும் கூடவே நகர்ந்தார்கள். இடையில் அந்த அரைச் சடக்கு மட்டும் அப்படியே இருந்தது.

சண்டை எதற்கு என்று என் மனைவிதான் லயத்துப் பெண்களிடம் கேட்டு வந்து சொன்னாள். சுதந்திரம் வந்ததும் அக்கா இந்த ஊர்க் குடிமகள் என்று பதிந்துகொண்டார். பிறந்தது இங்கே, ஒரே மகளைக் கட்டிக்கொடுத்திருப்பது பக்கத்து ஊரான பத்து பெரெண்டாமில். அவருக்கு வேறு எங்கே போக? வீட்டுக்காரர் பதிய மறுத்துவிட்டார். அவர் சின்ன வயதில் இந்தியாவிலிருந்து கப்பலேறி வந்தவர். ஊரில் அம்மா இன்னும் உயிரோடு இருக்கிறார், கண் தெரியவில்லை, ஒரே மகன். நான் போகிறேன், நீயும் வா என்று கூப்பிட்டிருக்கிறார். அக்கா வர முடியாது என்று சொல்லிவிட்டார். அதோடு பேச்சு நின்றது. சடக்கு வேலை முடிந்து கூலியைக் கணக்குத் தீர்த்ததும் அவர் கப்பலேறுவதாக முடிவு. அப்போதைய நிலவரத்தில் போகிறவன் திரும்பி வந்தால் விடுவார்களா என்று யாருக்கும் நிச்சயம் இல்லை.

இது தெரிந்த பிறகு எனக்கு அந்தச் சடக்கைப் பார்க்கவே பிடிக்கவில்லை. என் பிழைப்புக்குச் சடக்கு சீக்கிரம் முடிய வேண்டும். மற்ற டாக்சிக்காரர்கள் தினமும் எவ்வளவு தார் போட்டாயிற்று என்று ஆசையாய்ப் பேசிக்கொள்வார்கள். நான் மட்டும் ரோலர் ரிப்பேர் என்று கேள்விப்பட்டால் மனசுக்குள் சந்தோஷப்படுவேன். ஒரு டாக்சிக்காரன் சடக்கு முடியக் கூடாது என்று வேண்டிக்கொண்டான் என்றால் கேட்கிறவன் சிரிப்பான். வேண்டிக்கொண்டேன், பொய் இல்லை.

ஒரு நாள் அக்காவின் முனையில் நான்தான் முதல் வண்டி. எதிர்ப்பக்கத்து வண்டிகள் வந்து முடிந்தன. கடைசி வண்டி செட்டி சிநேகிதனுடையது. கட்டையைக் கொடுத்தான், கூடவே தூக்குச்சட்டியையும் கொடுத்தான். அக்கா வாங்கியதும் கை கீழே இறங்கியது. சட்டி கனமாக இருந்தது, அங்கே யாரும் திறக்கவே இல்லை.

"அங்கிட்டு ஆள் எங்கே?"

சிநேகிதன் தலையைச் சொறிந்தான். "தா தாவு, அக்கா" என்றான். தெரியாது என்று அர்த்தம். அவனுக்குத் தெரியும். அந்த முனையில் அன்றைக்கு மண்டோரே கொடி பிடித்துக்கொண்டு நிற்பதை அவன் பார்த்திருக்கிறான். உப்பையும் தைலத்தையும் தூக்கிக்கொண்டு ஓடிய அத்தனை பேரும் அன்றைக்கு அந்த ஒரு செய்தியை மட்டும் தூக்க மாட்டேன் என்று வாயை மூடிக்கொண்டார்கள்.

அக்கா என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு தம்பி."

நான் காலையில் பட்டணத்தில் அங்கிட்டு ஆளைப் பார்த்திருந்தேன், அக்கா வருமுன்பே இந்த முனையைத் தாண்டியிருக்க வேண்டும். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கப்பல் ஆபீஸ் வாசலில் நின்றார். மறைத்து என்ன ஆகப்போகிறது?

"கப்பலுக்குச் சீட்டு எடுக்கப் போயிருக்காருக்கா."

எனக்குப் பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான். அக்கா தூக்குச்சட்டியை என் ஜன்னல் வழியாக நீட்டினார். "நீ சாப்பிட்டுரு, வீணாப் போயிரும்." பிறகு சிவப்பை இறக்கிப் பச்சையைத் தூக்கினார். அந்தச் சோற்றை நான் அலோர் காஜாவில் வண்டியை நிறுத்திச் சாப்பிட்டேன். கருவாட்டுக் குழம்பு. உப்பு சரியாகத்தான் இருந்தது.

நான் வேண்டிக்கொண்டு என்ன, சடக்கு முடிந்துவிட்டது. கறுப்பாய், அகலமாய், நடுவில் வெள்ளைக் கோடு போட்டு, பார்க்கவே அழகாகத்தான் இருந்தது. கொங்சியைப் பிரித்தார்கள். வீட்டுக்காரர் தகரப் பெட்டியோடு காஜா பெராங்குக்கு வந்து லயத்தின் கோடி வீட்டில், மண்டோர் வீட்டில், தங்கினார். இரண்டு நாள் கழித்து அக்கா என் வீட்டுக்கு வந்தார்.

"புதன்கிழமை அவரைத் தம்பின் ரயிலுக்குக் கொண்டு விடணும் தம்பி. பினாங்குல சனிக்கிழமை கப்பல்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "என்னக்கா இது? ஒரு வார்த்தை போகாதீங்கன்னு சொன்னா அவரு போகவா போறாரு? நீங்க சொல்ல மாட்டீங்க, அவரு கேக்க மாட்டாரு. இதுக்கு நான் காடி ஓட்டணுமா?"

"அவரு வந்தப்ப மூணு வருசத்துல திரும்பிப் போறதாத்தான் வந்தாரு" என்றார் அக்கா. "என்னைக் கட்டிக்கிட்டாரு. அப்புறம் ஜப்பான்காரன் சண்டை. அது முடிஞ்சு போகலாம்னு கிளம்புனப்ப எங்கப்பா படுக்கையில விழுந்துட்டாரு. எங்கப்பாவுக்குப் பீ மூத்திரம் அள்ளிப் போட்டவரு அவருதான், நான் வேலைக்குப் போயிட்டேன். இத்தனை வருசம் எனக்காக நின்னுட்டாரு. இப்ப அவரு முறை. அங்க ஒரு கண்ணு தெரியாத கிழவி உக்காந்திருக்கு. நான் பார்த்தது இல்ல. பார்க்கலைன்னா இல்லாமப் போயிருமா?"

"அப்ப நீங்க?"

"எனக்கு என்னா? மக இருக்கா."

சொல்லும்போது குரல் சரியாகத்தான் இருந்தது. கண்தான் சரியில்லை. சரி என்றேன்.

புதன்கிழமை அவர் பெட்டியோடு முன்சீட்டில் ஏறினார். அக்கா வெளியே வரவில்லை. வேறு ஆளை நான் ஏற்றவில்லை. செங் தாண்டியதும் நானாகவே ஒரு முடிவு செய்தேன். யாரும் சொல்லவில்லை, யாரையும் கேட்கவில்லை. கால் மிதியிலிருந்து மெல்ல எழுந்தது. புத்தம் புதுச் சடக்கில் மாட்டு வண்டியைப் போல ஓட்டினேன். சைக்கிள்காரன் ஒருவன் எங்களைத் தாண்டிப் போய்த் திரும்பிப் பார்த்தான்.

"காடிக்கு என்ன தம்பி?" என்றார்.

"எஞ்சின் சூடு மாமா."

அவர் வெளியே பார்த்துக்கொண்டார். சடக்கில் வேலை செய்த மனிதர், எஞ்சின் சூடா இல்லையா என்று தெரியாதவரா? ஆனால் சீக்கிரம் போ என்று அவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தம்பின் போய்ச் சேர்ந்தபோது ரயில் போய்விட்டது. அடுத்தது மறுநாள்தான். நான் முகத்தை வருத்தமாக வைத்துக்கொண்டு பெட்டியைத் திரும்பவும் வண்டியில் ஏற்றினேன். திரும்பி வரும்போது என்னை அறியாமல் சீட்டி அடித்தேன். இன்றைக்கும் அதற்காக நான் வருத்தப்படவில்லை.

லயத்து வாசலில் அக்கா நின்றிருந்தார். அவரைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"ரயில் போயிருச்சுக்கா. எஞ்சின்..."

"யாருடா உன்னைக் கேட்டா?" என்றார். அவர் என்னை 'டா' போட்டது அன்றைக்கு மட்டும்தான். "உன்னைய யாரு கொடி புடிக்கச் சொன்னா? அவரு போகணும்னு கிளம்பிட்டாரு. நிறுத்துறதுக்கு நீ யாரு?"

லயமே வெளியே வந்து பார்த்தது. நான் மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் மூச்சு வாங்கிக்கொண்டு வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். நடுவில் ஆள் வைக்காமல், நேராக அவர் முகத்தைப் பார்த்து, ஒரு வருடத்துக்கு மேல் கழித்துப் பேசினார்.

"குளிச்சிட்டு வாங்க. சோறு எடுத்து வைக்கிறேன்."

அவர் பெட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். மண்டோர் வீட்டுக்கு இல்லை, அக்கா வீட்டுக்கு. நான் வண்டியில் உட்கார்ந்தபோது நான் ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன். ராத்திரி முழுக்கப் பேசியிருப்பார்கள், காலையில் பெட்டியைப் பிரித்திருப்பார்கள் என்று மனைவியிடம் பெருமையடித்தேன்.

காலையில் பசியாறிக்கொண்டிருந்தபோது அக்கா வாசலில் நின்றார். நல்ல சேலை கட்டியிருந்தார். பின்னால் வீட்டுக்காரரும் பெட்டியும்.

"நானும் வரேன்" என்றார். "உன்னைய நம்பி அனுப்ப முடியாது."

இரண்டு பேரும் பின்சீட்டில் உட்கார்ந்தார்கள். வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தார்கள். பெரிய பேச்சு ஒன்றும் இல்லை. ஊறுகாய் எந்தத் துணியில் கட்டியிருக்கிறது, கப்பலில் மேல் தட்டில் படுக்க வேண்டாம், மகளுக்கு ஆண்பிள்ளை பிறந்தால் எழுதிப் போடு, இப்படித்தான். நான் கண்ணாடியில் பார்க்காமல் ஓட்டினேன். அன்றைக்கு வேகமாகத்தான் ஓட்டினேன்.

ரயில் வந்தது. அவர் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அத்தைகிட்ட சொல்லுங்க, நாந்தான் அனுப்பி வச்சேன்னு" என்றார். அவர் தலையாட்டினார். அக்கா கம்பியிலிருந்து கையை எடுத்தார். ரயில் போன பிறகும் வெகுநேரம் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் தூணுக்குப் பின்னால் போய் மூக்கைச் சிந்தினேன்.

திரும்பும்போது அக்கா முன்சீட்டில் உட்கார்ந்தார். அந்தப் புதுச் சடக்கில் அவர் போனதே அன்றைக்குத்தான் முதல் தரம், போகும்போது அவர் வெளியே பார்க்கவே இல்லை. அலோர் காஜா தாண்டியதும் கேட்டார்.

"கடைசியா வேலை நடந்த துண்டுல அவரு எங்கிட்டுத் தம்பி நின்னாரு?"

"வருதுக்கா. அந்த மண் பாதை சேர்ற இடம். அங்கதான் கொங்சி இருந்துச்சு."

அவர் தலையை வெளியே நீட்டிப் பார்த்தார். கொங்சி இருந்த இடத்தில் தார் சிந்திய மண் மட்டும் இருந்தது. வண்டி அதைக் கடந்தது. அவர் ஏதோ கேட்க வாயெடுத்தார், அதற்குள் சடக்கோரத்து மதகு வந்துவிட்டது. அக்கா கொடி பிடித்து நின்ற மதகு.

"நிறுத்து" என்றார்.

நிறுத்தினேன். இறங்கித் திரும்பிப் பார்த்தார். இடையில் இருந்த மேட்டைக் கடைசி வேலையாக வெட்டிச் சடக்கை நேராக்கியிருந்தார்கள். வளைவும் இல்லை, மரமும் இல்லை. மண் பாதை சேரும் இடம் கண்ணுக்கு நேரே தெரிந்தது. அங்கே ஒருவன் நின்று கையை ஆட்டினால் இங்கிருந்தே யார் என்று சொல்லிவிடலாம்.

"அதுவா?"

"அதுதான்க்கா."

"கட்டை வர அம்புட்டு நேரம் ஆகுமே, தம்பி. நான் என்னமோ ரொம்ப தூரம்னு நினைச்சுக்கிட்டு இருந்தேனே."

"அப்ப சடக்கு அப்படிக்கா. பள்ளமும் சேறும். ஊர்ந்து ஊர்ந்துதான் வரணும்."

அவர் மதகின் மேல் உட்கார்ந்தார். ரயிலடியில் அழாதவர் அங்கே உட்கார்ந்து அழுதார். சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு, தோள் குலுங்க அழுதார்.

"நடந்தே போயிருக்கலாமே, தம்பி. இந்தத் தூரம், நடந்தே போயிருக்கலாமே."

பட்டணத்தில் எனக்கு ஆள் காத்திருந்தது. நான் எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கி, அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். இரண்டு பக்கமும் வண்டிகள் நிற்காமல் போய்க்கொண்டிருந்தன.